பாடகரின் குரல் நாண்களை அளப்பது எப்படி: எலெக்ட்ரோகிளாட்டோகிராஃப் கொண்டு செய்யும் அளவீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் இசை ஆசிரியர் மாணவியின் பாட்டைக் கேட்டு, ‘தொண்டையை இறுக்குகிறாய்’ என்றோ, ‘காற்று கசிகிறது’ என்றோ, ‘பஞ்சமத்துக்கு மேலே போனதும் கள்ளத்தொண்டை வந்துவிடுகிறது’ என்றோ சொல்கிறார். நல்ல காது உள்ளவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தக் காதுக்கு எட்டுவது குரல்வளையில் பிறந்த ஒலி மட்டும் அன்று. அது தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றின் வழியே வந்து, உயிரெழுத்தின் நிறத்தையும் அறையின் எதிரொலியையும் ஏற்றுக்கொண்ட பிறகே செவியை அடைகிறது. ஆகவே, இறுக்கம் குரல் நாண்களில் இருக்கிறதா அல்லது நாக்கின் அடிப்பகுதியில் இருக்கிறதா என்பதைக் கேட்டு மட்டும் பிரித்துச் சொல்வது கடினம். குரல் நாண்கள் ஒவ்வொரு அதிர்விலும் எவ்வளவு நேரம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதை நேரடியாக அளக்க முடிந்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதற்கான கருவிதான் எலெக்ட்ரோகிளாட்டோகிராஃப். துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக ஈஜிஜி என்பார்கள். அதைப் பாடகர்மீது, குறிப்பாகக் கர்நாடக இசை பாடுபவர்மீது, முறையாகப் பயன்படுத்துவதற்கான வழிகளை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம்

குரல் நாண்கள் என்று நாம் சொன்னாலும் அவை கம்பிகள் அல்ல. குரல்வளையின் உள்ளே இருபுறமும் அமைந்த, தசைமேல் மெல்லிய சளிப்படலம் போர்த்திய இரண்டு மடிப்புகள் அவை. நுரையீரலிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் அவற்றைப் பிரிக்கிறது. அவற்றின் மீள்தன்மையும் காற்றோட்டத்தின் விசையும் மீண்டும் சேர்க்கின்றன. ஐந்து கட்டை சுருதியில் ஷட்ஜம் பாடும் ஒரு பெண்ணின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 196 முறை இவ்வாறு பிரிந்து சேர்கின்றன. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 5.1 மில்லிநொடி. அதில் 2.4 மில்லிநொடி நேரம் அவை தொட்டுக்கொண்டிருந்தால், 2.4ஐ 5.1ஆல் வகுத்து வரும் 0.47 என்பதே ‘தொடுகை விகிதம்’. ஒன்றிலிருந்து இதைக் கழித்தால் வருவது ‘திறப்பு விகிதம்’. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இந்த ஒற்றை எண்ணை நம்பத்தக்க முறையில் பெறுவதைப் பற்றியதே.

குரல் நாண்களைப் பார்ப்பதற்கான முதல் பெரிய அடியை எடுத்து வைத்தவர் ஒரு பாட்டு ஆசிரியர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. மானுவேல் கார்சியா என்ற ஸ்பானிய ஆசிரியர் 1854இல் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியைப் பாய்ச்சி, பாடும்போது தம் குரல் நாண்கள் இயங்குவதைத் தாமே கண்டார். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியில் அதைக் குறித்த அறிக்கையை அளித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1957இல், பிரான்சைச் சேர்ந்த பிலிப் ஃபாப்ர் கழுத்தின் வெளிப்புறத்திலிருந்தே குரல் நாண்களின் தொடுகையை மின்சாரத்தால் அறியும் முறையை வெளியிட்டார். பின்னர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஏட்ரியன் ஃபோர்சின் இதே கொள்கையில் உருவாக்கிய லேரிங்கோகிராஃப் என்னும் கருவி மருத்துவமனைகளுக்கும் குரல் ஆய்வகங்களுக்கும் சென்றது.

கொள்கை எளிது. கழுத்தின் இருபுறமும் இரண்டு உலோக எலெக்ட்ரோடுகளை வைத்து, அவற்றுக்கு இடையே உயர் அதிர்வெண் கொண்ட மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறோம். பாடுபவருக்கு அது தெரியாது. குரல் நாண்கள் தொடும்போது மின்னோட்டம் எளிதில் கடக்கிறது. விலகும்போது இடையே காற்று இருப்பதால் தடை சற்றுக் கூடுகிறது. இந்த மாற்றம் மொத்தத் தடையில் நூற்றில் ஓரிரு பங்கு மட்டுமே. அவ்வளவு சிறிய மாற்றத்தைக் கழுத்தின் தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றுக்கு வெளியே நின்று பிடிக்கிறோம் என்பதை மறக்காமல் இருந்தால், பின்னால் வரும் எச்சரிக்கைகள் அனைத்துக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

மற்ற முறைகளை விட்டு இதைத் தேர்வதன் காரணம்

குரல் நாண்களைப் பார்க்க வேண்டுமானால் காது மூக்கு தொண்டை மருத்துவர், விட்டுவிட்டு மின்னும் ஒளியில் குரல்வளையைப் பார்க்கும் ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்திருக்கிறார். நோய் இருக்கிறதா என்பதை அறிய அதுவே சரியான வழி. ஈஜிஜி அதற்கு மாற்று ஆகாது. ஆனால் ஸ்ட்ரோபோஸ்கோப்பில் மெதுவாக அசைவதாகத் தெரியும் படம், பல அதிர்வுகளிலிருந்து ஒவ்வொரு கணத்தை எடுத்துத் தொகுத்த தோற்றமே. சுருதி அசையாமல் நின்றால்தான் அது ஒழுங்காக அமையும். சுரத்தை ஆட்டிப் பாடும் கம்பித கமகம் வந்தால் குலைந்துவிடும். நொடிக்குப் பல ஆயிரம் படங்கள் எடுக்கும் அதிவேகக் கேமரா ஒவ்வொரு சுற்றையும் உண்மையாகக் காட்டும் என்றாலும், வாயிலோ மூக்கிலோ குழாய் நுழைந்த நிலையில் யாரும் ஓர் ஆலாபனையை மனம் ஒன்றிப் பாட முடியாது. முகத்தில் மூடியைப் பொருத்திக் காற்றோட்டத்தை அளக்கும் ராத்தன்பெர்க் முறைக்கும் இதே இடர் உண்டு. கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்து பாட அனுமதிப்பது இவற்றுள் ஈஜிஜி ஒன்றுதான்.

கர்நாடக இசைக்கு இதில் இன்னொரு பெரும் நன்மையும் இருக்கிறது. தம்புராவோ சுருதிப்பெட்டியோ அருகில் ஒலித்தால் மைக்கில் அது கலந்துவிடும். ஈஜிஜி சமிக்ஞையில் கலக்காது, ஏனெனில் அது ஒலியை அளக்கவே இல்லை. சுருதியைக் கணிக்கும் மென்பொருள் தம்புராவின் ஒலியைப் பாடகரின் குரல் என்று எண்ணி ஏமாறும் தொல்லை இதனால் நீங்குகிறது.

தேவையான பொருள்கள்

ஈஜிஜி கருவி ஒன்று, இரண்டு தடங்களை ஒரே கடிகாரத்தில் பதிவு செய்யக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, அனைத்துத் திசைகளையும் சமமாக ஏற்கும் கண்டென்சர் மைக் ஒன்று, எலெக்ட்ரோடுக்கான ஜெல், ஒலி மட்டத்தை அளக்கும் மீட்டர், கணினி. ஈஜிஜி ஒரு தடத்திலும் மைக் மற்றொரு தடத்திலும் ஒரே கோப்பில் பதிவாக வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கருவிகளில் பதிந்து பின்னர் ஒட்டலாம் என்று எண்ணக் கூடாது. இரு கடிகாரங்களும் மெல்ல விலகி, மில்லிநொடிக் கணக்கு பொருளற்றதாகிவிடும்.

சாம்பிளிங் விகிதம், அதாவது நொடிக்குப் பதியும் புள்ளிகளின் எண்ணிக்கை, குறைந்தது 44,100 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். 196 ஹெர்ட்ஸில் பாடும்போது ஒரு சுற்றுக்கு 225 புள்ளிகள் கிடைக்கும். மேல் ஷட்ஜத்தில் 112 புள்ளிகள்தான். சுருதி ஏற ஏற ஒரு சுற்றை வரையறுக்கும் புள்ளிகள் குறைகின்றன என்பதால், இதற்கும் கீழான விகிதத்தில் பதிந்த கோப்பில் தார ஸ்தாயியை அளப்பது வீண். எம்பி3 போன்ற சுருக்கிய வடிவங்களை அறவே தவிர்த்து, வேவ் கோப்பாகச் சேமிக்க வேண்டும்.

பகுப்பாய்வுக்கு இரண்டு இலவச மென்பொருள்கள் போதும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்க்கும் உருவாக்கிய பிராட் முதலாவது. ஸ்டாக்ஹோம் கேடிஎச் நிறுவனத்தில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் உருவாக்கிய ஃபோனாடின் இரண்டாவது. புதிதாகத் தொடங்குபவர் பிராட்டில் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பழகிய பிறகே ஃபோனாடினுக்குச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தானியங்கி மென்பொருள் எப்போதும் ஓர் எண்ணைத் தரும். அந்த எண் எந்த அலைவடிவத்திலிருந்து வந்தது என்று அறியாதவருக்கு அதனால் பயனில்லை.

பாடகரை அமர்த்துதல்

தரையில் சம்மணமிட்டுப் பாடுபவர் தரையிலேயே அமரட்டும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தால் நாம் அளப்பது அவருடைய வழக்கமான குரலாக இருக்காது. தாளம் போட வேண்டாம் என்று தடுப்பதும் தவறு. அதற்குப் பதிலாகத் தொடைமேல் ஒரு தடித்த துணியை மடித்து வைத்தால் கைத்தட்டு மைக்கில் விழாது. சுருதியை ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் வழியாகக் கொடுத்தால் மைக் பதிவும் தூய்மையாக இருக்கும். மைக்கை வாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, அளவுகோலால் சரிபார்த்து, அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கழுத்தை ஈரத்துணியால் துடைத்து எண்ணெய், பவுடர், சந்தனம், வியர்வை ஆகியவற்றை நீக்க வேண்டும். உலோகச் சங்கிலிகள் எலெக்ட்ரோடுகளைத் தொட்டால் மின்னோட்டம் குறுக்கு வழியில் சென்றுவிடும். கழற்றக்கூடிய சங்கிலியைக் கழற்றச் சொல்லலாம். தாலியைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை, ஆடைக்குள் தாழ்த்தி எலெக்ட்ரோடுகளுக்கு எட்டாமல் வைத்தால் போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவருக்கு, அவருடைய மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கருவியைப் பொருத்தக் கூடாது.

எலெக்ட்ரோடுகளைப் பொருத்துதல்

பெரும்பாலான அளவீடுகள் கெடுவது இந்த இடத்தில்தான் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. குரல்வளையின் முன்புறத்தை மூடியிருக்கும் தைராய்டு குருத்தெலும்பை விரல்களால் தடவி, முன்னால் மேலே இருக்கும் பள்ளத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஆண்களிடம் இது வெளிப்படையாகத் துருத்தி நிற்கும்; பெண்களிடம் மெல்ல அழுத்தித்தான் உணர முடியும். குரல் நாண்கள் அந்தப் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே இருக்கின்றன. ஆகவே அந்த மட்டத்தில், குருத்தெலும்பின் இரு தகடுகளின்மேல், இடமும் வலமும் ஒரே உயரத்தில் எலெக்ட்ரோடுகளை வைத்துப் பட்டையைக் கட்ட வேண்டும். விழுங்கும்போது இடையூறு தெரியாத அளவுக்கு மட்டுமே இறுக்கம் இருக்கலாம்.

இனி பாடகரை இயல்பான சுருதியில் ‘ஆ’ என்று நீட்டச் சொல்லி, திரையில் சமிக்ஞையின் வீச்சை, அதாவது அலையின் உயரத்தை, பார்த்தபடியே எலெக்ட்ரோடுகளை ஒரு சில மில்லிமீட்டர் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். எந்த உயரத்தில் வீச்சு மிகுதியாக இருக்கிறதோ அதுவே சரியான இடம். இதன் பின்னர் மந்தர பஞ்சமம் முதல் தார காந்தாரம் வரை ஒருமுறை பாடச் சொல்லிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் சுருதி ஏறும்போது பலருக்குக் குரல்வளையும் மேலேறி எலெக்ட்ரோடுகளின் பிடியிலிருந்து விலகிவிடுகிறது. மேலே போனதும் வீச்சு சுருங்கினால், குரல் நாண்களின் இயக்கம் மாறியதா அல்லது குரல்வளை இடம் மாறியதா என்ற ஐயம் எழும். எலெக்ட்ரோடை அரை சென்டிமீட்டர் உயர்த்தி அதே சுரத்தை மீண்டும் பாடச் சொன்னால் அந்த ஐயம் தீர்ந்துவிடும்.

பெண்களிடமும் கழுத்தில் சதைப்பற்று மிகுந்தவர்களிடமும் சமிக்ஞை வலுக்குறைந்தே வரும். பெண்களின் குரல் நாண்கள் குட்டையானவை. இரு தகடுகளும் கூடும் கோணமும் அகன்றது. சிலரிடம் எவ்வளவு முயன்றாலும் இரைச்சலுக்கு மேல் எழும் அலைவடிவம் கிடைக்காது. அவ்வாறு நேர்ந்தால் அந்த அளவீட்டைக் கைவிடுவதே நேர்மை. வடிகட்டி மேல் வடிகட்டி போட்டு இரைச்சலிலிருந்து ஓர் எண்ணைப் பிழிந்தெடுத்து, அதைப் பாடகரிடம் அவருடைய குரல் என்று நீட்டுவது அவருக்குச் செய்யும் தீங்கு.

துருவத்தைச் சரிபார்த்தல்

தொடுகை கூடும்போது கோடு மேலே போக வேண்டும் என்பது இன்று பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழக்கம். ஆனால் கருவியோ கேபிளோ இன்டர்ஃபேஸோ அதைத் தலைகீழாக்கிவிடக்கூடும். இயல்பான பேச்சுக் குரலில் குரல் நாண்கள் விரைவாகச் சேர்ந்து மெதுவாகப் பிரிகின்றன. ஆகவே சரியான துருவத்தில் அலைவடிவம் செங்குத்தாக ஏறிச் சாய்வாக இறங்கும். மெதுவாக ஏறிச் செங்குத்தாக விழுந்தால் துருவம் மாறியிருக்கிறது என்று பொருள். இதைச் சரிபார்க்காமல் நான் ஒருமுறை ஒரு முழு நாளின் பதிவுகளைப் பகுத்துவிட்டேன். அழுத்தமாகப் பாடிய இடங்களில் விகிதம் குறைந்தும், மென்மையாகப் பாடிய இடங்களில் கூடியும் வந்தபோதுதான் தவறு புலப்பட்டது. அன்று முதல் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடகரைச் சில சொற்றொடர்கள் பேசச் சொல்லி அந்த அலைவடிவத்தைப் பார்த்த பிறகே பாட்டுக்குப் போகிறேன்.

என்ன பாடச் சொல்வது

பாடகரின் சுருதியில் மத்திய ஷட்ஜத்தை அகாரத்தில் ஐந்து நொடி நீட்டிப் பாடுவது முதல் பணி. மென்மை, நடுத்தரம், அழுத்தம் என மூன்று ஒலி அளவுகளில் ஒவ்வொன்றையும் மூன்று முறை பாட வேண்டும். இதுவே பின்னால் எல்லாவற்றையும் ஒப்பிடும் அடித்தளம். அடுத்து அதே ஷட்ஜத்தை மிக மென்மையாகத் தொடங்கி, படிப்படியாக வலுவாக்கி, மீண்டும் மென்மைக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, மந்தர பஞ்சமத்திலிருந்து எட்டும் உயரம் வரை கமகமின்றி மெதுவாக ஒரே இழையாக வழுக்கி ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். அதன் பின் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடச் சொல்லலாம். எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நினைவுகூரும் பதற்றம் குரலில் ஏறாது. கடைசியாக, பாடகரே தேர்ந்தெடுத்த ஒரு ராகத்தில் ஓரிரு நிமிட ஆலாபனை. இதன் முடிவில் முதல் பணியை மறுபடியும் செய்ய வைப்பது மிக முக்கியம். தொடக்கத்து ஷட்ஜமும் முடிவின் ஷட்ஜமும் வேறுபட்டால், எலெக்ட்ரோடு நகர்ந்திருக்கிறது அல்லது குரல் களைத்திருக்கிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் இடையில் உள்ள பதிவுகளை நம்பக் கூடாது.

உயிரெழுத்தை மாற்றாமல் அகாரத்திலேயே நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. ‘ஈ’ பாடும்போது நாக்கு முன்னேறுகிறது, ‘ஊ’ பாடும்போது பலருக்குக் குரல்வளை தாழ்கிறது. அந்த அசைவுகள் எலெக்ட்ரோடுகளுக்கும் குரல் நாண்களுக்கும் இடையிலான உறவை மாற்றிவிடுகின்றன.

சமிக்ஞையைத் தயார் செய்தல்

பச்சைப் பதிவில் அலைவடிவத்தின் அடிக்கோடு கடலலைபோல் மேலும் கீழும் மிதக்கும். குரல்வளை மேலேறி இறங்குவதும் விழுங்குவதும் மூச்சு இழுப்பதும் அதற்குக் காரணங்கள். ஷட்ஜத்தில் நிற்கும் குரலைவிடக் கம்பிதத்தில் ஆடும் குரலில் இந்த மிதப்பு மிகுதி. தாழ்ந்த அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டியால் அதைக் களையலாம். ஆனால் அந்த வடிகட்டி அலைவடிவத்தின் பல்வேறு அதிர்வெண் கூறுகளை வெவ்வேறு அளவு தாமதப்படுத்தினால், செங்குத்தாக ஏறிய கோடு சாய்ந்து, நாம் தேடும் தொடுகை நேரமே திரிந்துவிடும். எனவே எல்லாக் கூறுகளையும் ஒரே அளவு தாமதப்படுத்தும் நேர்கட்ட வடிகட்டியையே பயன்படுத்த வேண்டும், அல்லது ஒரே வடிகட்டியை முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் ஓட்ட வேண்டும். கருவியிலேயே பதிந்துள்ள வடிகட்டி எத்தகையது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்வதும் நல்லது.

மைக் சமிக்ஞையோடு பொருத்திப் பார்க்க விரும்பினால் ஒலி வந்து சேரும் தாமதத்தைக் கழிக்க வேண்டும். ஆண் ஒருவரின் குரல் நாண்களிலிருந்து உதடு வரை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், உதட்டிலிருந்து மைக் வரை 30 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு 350 மீட்டர் செல்வதாகக் கொண்டால் இந்த 47 சென்டிமீட்டருக்கு 1.3 மில்லிநொடி ஆகிறது. 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் அது சுமார் 59 புள்ளிகள்.

தொடுகை விகிதத்தைக் கணித்தல்

அலைவடிவம் எந்தப் புள்ளியில் ‘தொட்டது’ என்று கொள்வது, எந்தப் புள்ளியில் ‘பிரிந்தது’ என்று கொள்வது என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் மொத்த உயரத்தில் 25 விழுக்காடு, 35 விழுக்காடு அல்லது 50 விழுக்காடு உயரத்தில் ஒரு வரம்புக் கோடு கிழித்து, அதற்கு மேல் இருக்கும் நேரத்தைத் தொடுகை நேரம் என்று கொள்வது ஒரு முறை. இந்தத் தேர்வு விடையை எவ்வளவு மாற்றும் என்பதைக் காகிதத்திலேயே காணலாம். 5 மில்லிநொடிச் சுற்றில் கோடு அரை மில்லிநொடியில் நேராக ஏறி, 3 மில்லிநொடியில் நேராக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 விழுக்காட்டுக் கோட்டுக்கு மேல் அது இருக்கும் நேரம் 2.6 மில்லிநொடி, விகிதம் 0.53. 50 விழுக்காட்டுக் கோட்டுக்கு மேல் 1.75 மில்லிநொடி, விகிதம் 0.35. குரலும் அதே, அதிர்வும் அதே; எண்கள்தாம் வேறு. ஒருவர் ஒரு வரம்பிலும் மற்றொருவர் வேறு வரம்பிலும் கணித்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது பொருளற்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அலைவடிவத்தின் வகைக்கெழுவை, அதாவது கோடு ஏறி இறங்கும் வேகத்தை, எடுப்பது இரண்டாவது முறை. கோடு எங்கே மிக வேகமாக ஏறுகிறதோ அங்கே வகைக்கெழுவில் கூர்மையான உச்சி ஒன்று தோன்றும். அது குரல் நாண்கள் சேரும் கணம். எங்கே மிக வேகமாக இறங்குகிறதோ அங்கே எதிர்த்திசையில் ஒரு சிறு உச்சி தோன்றும். அது பிரியும் கணம். பிரான்சைச் சேர்ந்த நத்தாலி ஹென்ரிக் பாடகர்களிடம் செய்த ஆய்வுகள் இந்த முறையை நன்கு நிறுவியிருக்கின்றன. சேரும் கணம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். பிரியும் கணம் பல குரல்களில் மங்கலாகவோ இரட்டை உச்சியாகவோ வரும், ஏனெனில் குரல் நாண்கள் தம் முழு நீளத்திலும் ஒரே கணத்தில் பிரிவதில்லை. இங்கிலாந்தின் டேவிட் ஹோவர்ட் இதற்கு ஓர் இடைவழி கண்டார்: சேரும் கணத்தை வகைக்கெழுவின் உச்சியிலிருந்தும், பிரியும் கணத்தைச் சுற்றின் உயரத்தில் ஏழில் மூன்று பங்கு இருக்கும் கோட்டிலிருந்தும் எடுத்துக்கொள்வது. கமகம் மிகுந்த பாட்டுக்கு இந்தக் கலப்பு முறையையே நான் பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதையே கடைப்பிடித்து, அறிக்கையில் அதன் பெயரையும் எழுத வேண்டும்.

நீண்ட ஷட்ஜத்தில் தொடக்கத்தையும் முடிவையும் விட்டு நடுவில் ஒரு நொடியை எடுத்தால் 196 சுற்றுகள் கிடைக்கும். அவற்றின் சராசரியைவிட, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவையே எழுதுவது நல்லது. இரண்டொரு கெட்ட சுற்றுகள் சராசரியை இழுத்துவிடும். வேகமாக உருளும் சுரக் கோவைகளான பிருகாக்களில் நிலைமை வேறு. 80 மில்லிநொடி மட்டும் நிற்கும் ஒரு சுரத்தில் 16 சுற்றுகள்தான் இருக்கின்றன. அங்கே எந்த விதமான சராசரியும் எடுக்காமல், ஒவ்வொரு சுற்றின் விகிதத்தையும் சுருதிக் கோட்டுக்கு அடியில் புள்ளிகளாக வரைந்து பார்க்க வேண்டும். சுருதி ஏறும் புள்ளியிலெல்லாம் தொடுகை விகிதம் இறங்குகிறதா, அல்லது அசையாமல் நிற்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். குரலின் நடுக்கத்தை அளக்கும் ஜிட்டர் போன்ற மருத்துவ அளவுகளைக் கமகத்தின்மேல் ஓட்டுவது தவறு. பாடகர் வேண்டுமென்றே செய்யும் அசைவை அவை நோயின் அடையாளமாகக் கணக்கிட்டுவிடும்.

எண்ணைப் படித்தல்

ஹென்ரிக்கும் உடன் ஆய்ந்தவர்களும் குரல்வளையின் முக்கிய இயங்குமுறைகள் இரண்டைத் தெளிவாகப் பிரிக்கிறார்கள். பேச்சிலும் திறந்த குரல் பாட்டிலும் இருப்பது முதலாவது; அதில் தசையும் சேர்ந்து அதிர்வதால் தொடுகை ஆழமானது. நாம் கள்ளத்தொண்டை என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவது; அதில் மெல்லிய விளிம்புகளே அதிர்கின்றன. அவர்கள் அளந்த திறப்பு விகிதம் முதலாவதில் 0.3 முதல் 0.8 வரையும் இரண்டாவதில் 0.5 முதல் 0.95 வரையும் இருந்தது. இரண்டும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தனி எண்ணைக் காட்டி ‘இது கள்ளத்தொண்டை’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வழுக்கி ஏறும் பதிவில் தொடுகை விகிதம் திடீரென விழுந்து, வகைக்கெழுவின் உச்சி சிறுத்து, அலைவடிவம் சாய்வை இழந்து இருபுறமும் ஒத்த மென்வளைவாக மாறினால்தான் இயங்குமுறை மாறியது என்று சொல்லலாம். அந்தக் கணத்தில் சுருதியிலும் ஒரு சிறு துள்ளல் பெரும்பாலும் காணப்படும்.

இந்த மாற்றம் ஆண், பெண் இருவரிடமும் சுமார் 300 முதல் 350 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அடிக்கடி நிகழ்கிறது. இதைச் சுருதிக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இசை ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிந்த ஒன்று வெளிப்படும். ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். 330 ஹெர்ட்ஸ் என்பது அவருடைய தார அந்தர காந்தாரம், 349 தார சுத்த மத்யமம். கச்சேரியில் தார காந்தாரத்தில் நின்று பாடுவது ஏன் அவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கோ அதே 330 ஹெர்ட்ஸ் மத்திய ஸ்தாயியின் சதுச்ருதி தைவதத்திலேயே வந்துவிடுகிறது. ஆணுக்கு மேல்மாடியில் இருக்கும் வாசற்படி, பெண்ணுக்கு நடுக்கூடத்தில் இருக்கிறது. ஆகையால் பெண் குரலை அளக்கும்போது பஞ்சமம் முதல் மேல் ஷட்ஜம் வரையுள்ள பகுதிக்கு மிகுந்த நேரம் ஒதுக்க வேண்டும். ஆணிடம் தார ரிஷபத்துக்கு மேல்.

ஒலி அளவையும் எப்போதும் உடன் வைத்தே படிக்க வேண்டும். முதல் இயங்குமுறையில் குரலை வலுவாக்கினால் தொடுகை விகிதம் ஏறும். இரண்டாவதில் அது ஒலி அளவைவிடச் சுருதியோடு சேர்ந்தே மாறும். போன மாதம் 0.42 இருந்த விகிதம் இந்த மாதம் 0.50 ஆகிவிட்டது என்று மகிழ்வதற்கு முன், இந்த மாதம் அவர் ஆறு டெசிபல் கூடுதலாகப் பாடினாரா என்று பார்க்க வேண்டும்.

விகிதம் உயர்ந்தால் நல்ல குரல், தாழ்ந்தால் கெட்ட குரல் என்ற எண்ணத்தையும் இங்கே மறுத்தாக வேண்டும். மேலைநாட்டு ஓபரா பாடகர், மைக் இல்லாமல் முழு இசைக்குழுவுக்கு மேலே கேட்கப் பாடுகிறார். அவருக்கு ஏற்ற தொடுகை விகிதத்தைக் கர்நாடகப் பாடகருக்கு இலக்காக வைப்பது நியாயம் ஆகாது. மிக உயர்ந்த விகிதம் குரல் நாண்களை அழுத்தி நெரித்துப் பாடுவதையும் குறிக்கலாம். சரியான ஒப்பீடு ஒன்றுதான்: அதே பாடகர், அதே சுரம், அதே உயிரெழுத்து, அதே ஒலி அளவு, வேறு நாள்.

கருவி காட்டாதவை

ஈஜிஜி தொடுகையைக் காட்டுகிறது, மூடுதலைக் காட்டுவதில்லை. குரல் நாண்களின் முன்பகுதி நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கையில் பின்பகுதியில் ஓர் இடுக்கு திறந்தே இருந்து காற்று கசியலாம். பல பெண்களிடம் அது இயல்பாகவே இருக்கிறது. அலைவடிவம் அழகாக இருக்க, குரல் மட்டும் காற்றோடு கேட்டால் இதை நினைவுகூர வேண்டும். அதுபோல, இரு நாண்களுக்கும் இடையே ஒட்டி நீளும் சளியிழை, அவை பிரிந்த பின்னும் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டிருக்கும். தொண்டையைக் கனைக்காமல் ஒரு மிடறு நீர் குடிக்கச் சொல்லி மீண்டும் பதிவது போதும். குரல் நாண்கள் தொடவே தொடாமல் அதிரும் மிக மென்மையான குரலில் ஏறத்தாழத் தட்டையான கோடுதான் கிடைக்கும். அங்கே தொடுகை விகிதம் என்ற ஒன்றே இல்லை, மென்பொருள் எந்த எண்ணைக் கொடுத்தாலும்.

குரல் நாண்களின் முடிச்சு, வீக்கம், செயலிழப்பு போன்ற எதையும் இந்த அலைவடிவத்திலிருந்து கண்டறிந்து சொல்லக் கூடாது. குரல் கரகரப்பு மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடிப்பவரை அளப்பதை நிறுத்திவிட்டு, குரல்வளையைப் பார்க்கத்தக்க மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சேமித்தலும் மீண்டும் அளத்தலும்

வடிகட்டாத பச்சைக் கோப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது. நாளை வேறு முறையில் கணிக்க வேண்டி வந்தால் அதுவே மூலம். கோப்போடு சேர்த்து நாள், நேரம், கட்டை, மைக் தூரம், ஒலி மட்டம், எலெக்ட்ரோடின் உயரம், துருவம் சரிபார்த்த குறிப்பு, கணித்த முறை, வரம்பு ஆகியவற்றையும், பாடகருக்கு அன்று சளியோ உறக்கக் குறைவோ இருந்ததா, அதற்கு முன் எவ்வளவு நேரம் சாதகம் செய்திருந்தார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பாடகரின் ஒப்புதலை முதலிலேயே எழுத்தில் பெற்று, கோப்புகளில் அவருடைய பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணை இட வேண்டும்.

முடிவைப் பாடகரிடம் காட்டும்போது எண்ணை முதலில் சொல்லாமல், அவர் பாடிய ஷட்ஜத்தின் நான்கைந்து சுற்றுகளைத் திரையில் விரித்துக் காட்டி, எந்த இடத்தில் குரல் நாண்கள் சேர்கின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்று விரல் வைத்துக் காட்டுங்கள். பிறகு மென்மையாகப் பாடிய ஷட்ஜத்தை அதன் கீழே வையுங்கள். மூன்று மாதம் கழித்து, நாளின் அதே வேளையில், அதே கட்டையில், அதே பணிகளை அதே வரிசையில் மீண்டும் பதிந்தால், அந்த இரண்டு அலைவடிவங்களுக்கும் கீழே வைக்க மூன்றாவதும் நான்காவதும் கிடைக்கும்.